பூக்காலத்துக்கு நாள் குறிக்க வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பகுதியில் இங்கிலாந்தின் காட்டுத் தோட்டங்களை, அதாவது பெரிய மரங்களின் நிழலில் பூச்செடிகள் வளரும் தோட்டங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எழுத்து நன்றாகவே இருந்தது. ஓரத்தில் கட்டம் கட்டி, ‘பூக்கள் உச்சத்தில் இருக்கும் வார இறுதி’ என்று ஒரு தேதியைப் போட்டிருந்தீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கூடவே, கட்டுரையின் முகப்புப் படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்.

மலர்க் கண்காட்சியில் எல்லாச் செடியும் ஒரே நாளில் பூத்து நிற்கும். எங்கோ வளர்த்து, பூக்கும் பருவம் பார்த்துக் கொண்டுவந்து அடுக்கிவைப்பார்கள். பெரிய மரங்களின் அடியில் வளரும் செடிகளை அப்படிக் கட்டி மேய்க்க முடியாது. அவை முறைவைத்துத்தான் பூக்கும். குளிர் முழுசாக விலகும் முன்பே கமேலியா வந்துவிடும். மார்ச் வாக்கில் மக்னோலியா, இலைகூட விடாத கிளைகளில். ஏப்ரல் பின்பாதியில் தரையெல்லாம் புளூபெல் என்னும் நீல மணிப்பூ. அதை ஒட்டி அசேலியா. பெரிய ரோடோடெண்ட்ரான்களில் சில, மே முடிந்த பிறகும் விடாமல் பூக்கும். இதில் எதை உச்சம் என்பது?

லண்டனில் ரிச்மண்ட் பூங்காவுக்குள் இருக்கும் இசபெல்லா பிளாண்டேஷன் என்ற காட்டுத் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1830களில் மரம் நட்டு வளர்த்த இடம், 1953இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சுமார் 40 ஏக்கர். ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் அங்கே ஓடையின் இரு கரையிலும் அசேலியா ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பொங்கி நிற்கும். இலையே கண்ணுக்குத் தெரியாது. எர்னஸ்ட் வில்சன் என்ற தாவரச் சேகரிப்பாளர் ஜப்பானின் குருமே நகரத்து அசேலியாக்களில் தேர்ந்தெடுத்த 50 வகைகளின் தொகுப்பு அங்கே இருக்கிறது. பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் ஊரே திரண்டுவந்து ஓடைக்கரையில் வரிசை கட்டுகிறது. மார்ச்சில் அதே பாதையில் தலைக்கு மேல் மக்னோலியா பூத்திருக்கும்போது ஆளே இருப்பதில்லை. உள்ளே போகக் கட்டணமும் இல்லை. ஒரு தடவை மார்ச்சில், ஒரு தடவை மே மாதம் என்று போய்வந்தால் இரண்டு வேறு தோட்டங்களைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அப்புறம், தேதி குறித்தால் அதன்படி பூக்க வேண்டும் என்று செடிக்கு என்ன கட்டாயம்? இளவேனில் முன்கூட்டியே சூடு பிடித்தால் பூவும் முந்திக்கொள்ளும். குளிர் நீடித்தால் தள்ளிப்போகும். மக்னோலியா விஷயத்தில் ஒரே ஒரு இரவு உறைபனி போதும், முதல்நாள் வெள்ளை வெளேரென்று இருந்த இதழ்கள் காலையில் பழுப்பேறித் தொங்கும். உங்கள் கட்டத்தை நம்பி ரயிலேறுகிறவர் யாரிடம் போய்க் கேட்பார்?

இனி அந்த முகப்புப் படம். புளூபெல் பூக்களுக்கு நடுவே ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரிக்கிறார். அழகான படம், சரி. அவர் அங்கே எப்படிப் போனார்? பறந்து போயிருக்க முடியாது.

புளூபெல் மாதிரியான செடிகளுக்கு வாழ்க்கையே ஒரு ஓட்டப்பந்தயம். மேலே மரங்கள் இலைவிட்டுக் கூரை போட்டுவிட்டால் தரைக்கு வெயில் வராது. அதற்குள் இலைவிட்டு, பூத்து, அடுத்த வருஷத்துக்கான உணவைக் கிழங்கில் சேர்த்துவைத்துவிட வேண்டும். அந்தச் சில வாரங்களில் இலை மிதிபட்டு நசுங்கினால் சேமிப்பு போச்சு. விதையிலிருந்து பூவைக் காண ஐந்து முதல் ஏழு வருஷம் வரை ஆகும். அமெரிக்கக் காடுகளில் பூக்கும் வெள்ளை டிரில்லியத்துக்கும் ஏழு வருஷத்துக்குக் குறையாது. அதன் விதையில் கொழுப்புச் சத்துள்ள சின்னச் சதைத்துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஆசைப்பட்டு எறும்புகள் விதையைப் புற்றுக்கு இழுத்துப் போவதால்தான் அது பரவுகிறது. எறும்பு எவ்வளவு தூரம் இழுத்துப் போகும், யோசித்துப் பாருங்கள். அப்படி அடியடியாகப் பரவிய பூப்பரப்பின் மேல்தான் நாம் படத்துக்காகக் கால் வைக்கிறோம்.

நான் போன ஒரு தோட்டத்தில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். பாதையோரத்தில் தாழ்வான கயிறு. ஒருவர் தாண்டி உள்ளே போய், குழந்தையைப் பூக்களுக்கு நடுவே நிறுத்திப் படமெடுத்தார். அவர் திரும்பி வந்த இடத்தில் நாலைந்து காலடிக்கு இலைகள் படிந்து, தண்டு முறிந்து, சாறு கசிந்து மினுமினுத்தது. அடுத்து வந்தவருக்கு அது வழியாகத் தெரிந்தது. மதியத்துக்குள் அங்கே ஒரு ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. புளூபெல்லுக்குப் பேர்போன பெல்ஜியத்தின் ஹாலர்போஸ் காட்டில் பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வதும் இதனால்தான். ரோடோடெண்ட்ரான் புதரடியில் சாய்ந்து நின்று படமெடுப்பதும் அப்படித்தான். அதன் வேர்கள் மண்ணின் மேல்மட்டத்திலேயே படர்கிறவை. ஆள் ஏற ஏற மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் போகாது.

பாதையில் நின்றபடியே நல்ல படம் எடுக்கலாம். குனிந்து, லென்ஸைப் பூவின் உயரத்துக்குக் கொண்டுவந்தால் இடைவெளியெல்லாம் மறைந்து ஒரே நீலமாகத் தெரியும். உச்சிவெயிலைவிட மேகமூட்டமான நாள்தான் இதற்கு நல்லது, நிறம் வெளிறாது. வார நாளில் காலையிலேயே போய்விட்டால் வாசனையும் சேர்த்துக் கிடைக்கும், கூட்டத்தில் அது கிடைக்காது.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த வருஷம் அந்தத் தேதிக் கட்டத்தை எடுத்துவிட்டு, எந்த மாதம் என்னென்ன பூக்கும் என்று தோராயமாகப் போடுங்கள். இப்போது என்ன பூத்திருக்கிறது என்று பல தோட்டங்கள் தங்கள் இணையதளத்தில் குறிப்பு எழுதுகின்றன, கிளம்பும் முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பூவுக்குள் ஆள் உட்கார்ந்திருக்கும் படம் வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், வேறு படம் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி