பில்லி பிஷப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பில்லி பிஷப்பின் பெயரைத் தாங்கிய ரொறன்ரோத் தீவு விமான நிலையத்துக்குப் போகும் சுரங்க நடைபாதையில் என் மகள் கேட்டாள்: "அப்பா, யார் இந்த பில்லி பிஷப்?" பத்தாம் வகுப்பில் கனடிய வரலாறு படிக்கிறவள். "முதல் உலகப் போரில் 72 விமானங்களை வீழ்த்தினவர்" என்றேன். "யார் எண்ணினது?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஓவன் சவுண்டில் பிறந்த பிஷப்புக்கு அப்போது 23 வயது. 1917 ஜூன் 2 விடியற்காலையில் தனியாகப் பறந்துபோய் ஜெர்மன் விமானத்தளம் ஒன்றைத் தாக்கியதாகவும், துரத்த எழும்பியவற்றில் மூன்றை வீழ்த்தியதாகவும் அறிக்கை கொடுத்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. வழக்கமாக அந்தப் பதக்கத்துக்குச் சாட்சி வேண்டும். இங்கே நேசப்படைத் தரப்பில் பார்த்தவர் யாருமில்லை. ஜெர்மன் பதிவுகளிலும் அந்த இழப்பு இல்லை. அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி பின்னால் அழிந்துபோனது என்கிறார்கள் அவர் பக்கத்தவர்கள். 1982இல் வந்த ஒரு ஆவணப்படம் இதையெல்லாம் கிளற, பழைய படைவீரர்கள் கொதித்தார்கள். விவகாரம் கனடிய செனட்டின் துணைக்குழு வரை போனது.

பிஷப் ஓட்டிய நியூபோர்ட் போர் விமானத்தின் மேல் இறக்கையில் ஒரே ஒரு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி. 97 தோட்டா தீர்ந்ததும் அதைக் கீழே இழுத்து, வட்டத் தோட்டாப் பெட்டியைக் கழற்றி, குளிர்காற்றில் விறைத்த விரல்களால் வேறொன்றை மாட்ட வேண்டும். விமானத்தை அதுவரை முழங்கால்கள்தான் பிடித்திருக்கும். இதை வாசித்த பிறகு அவரைக் கோழை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் எண்ணிக்கை கூடிப்போனது என்றே நினைக்கிறேன். 1917 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமானிகள் கொத்துக்கொத்தாக விழுந்த பிறகு, மேலிடத்துக்கு ஒரு வீரன் அவசரமாகத் தேவைப்பட்டான்.

அந்தப் புகழ் அவரோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் கனடிய விமானப் படைக்கு ஆள்சேர்த்ததும் அவர்தான். அப்படிச் சேர்ந்து திரும்பாத பையன்கள் எத்தனையோ.

தயவுசெய்து அந்த அறிக்கையையும் அதன்மீதான சந்தேகங்களையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஒரு வாரம் வாதாடட்டும். பெயரை எடுக்கச் சொல்லவில்லை, அது சுவரிலேயே இருக்கட்டும். அடுத்த தடவை அந்த நடைபாதையில் நான் கேட்கிறேன், அவள் பதில் சொல்லட்டும்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தகப்பன்