மகளிர் விவசாயத் தொழிலாளர் சங்கம்: 2023–24 ஆண்டறிக்கை

தலைவி அவர்களுக்கும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை அதிகம் அலையவைத்த ஒரு விஷயத்தை மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன். நடவுக்குப் போகிற தாய்மார் பிள்ளைக்குப் பால் கொடுப்பது எப்படி?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்று நர்ஸ் அக்கா சொல்லாத நாளில்லை. நமக்கும் அது தெரியும். ஆனால் 2023 ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கியதும், மூன்று மாதப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. கடைமடையில் தண்ணீர் பற்றாமல் பயிர் காய்ந்த ஆண்டு அது. கிடைத்த வேலையை விட யாருக்குத் துணிவு வரும்? சேற்றில் குனிந்து நடும்போதே மார் கனத்து, பால் கட்டி, ரவிக்கை நனைகிறது. வீட்டில் பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர், அப்புறம் வயிற்றுப்போக்கு. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். பல மணி நேரம் விட்டுவிட்டால் சுரப்பு குறைகிறது. உடனே "உனக்குப் பால் பத்தல" என்று அவளையே சொல்கிறார்கள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. வயலுக்கும் தூளிக்கும் நடுவே உள்ள தூரம்தான் காரணம்.

அதனால் நடவு ஆட்களோடு பேசி, பால் கொடுப்பவள் நடுவில் கரையேறினால் அவள் பங்கை மற்றவர்கள் சேர்த்து நடுவது என்று முடிவெடுத்தோம். கூலி பிடிக்கக் கூடாது என்று நில உரிமையாளர்களிடமும் கேட்டோம். சிலர் உடனே ஒப்புக்கொண்டார்கள், சிலரிடம் இன்னும் பேச வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். அப்போது பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்து, நான்கு மணி நேரத்துக்குள் சங்கில் புகட்டும் முறையை நர்ஸ் அக்கா செய்து காட்டினார். மருந்தடித்த வயலிலிருந்து வருபவர்கள் கைகால், மார் கழுவி, சேலை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். இதை மறுபடியும் சொல்கிறேன்.

நூறு நாள் வேலைத்தளத்தில் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தாலே, பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்த வேண்டும் என்பது சட்டம். நாம் கேட்ட பிறகுதான் போட்டார்கள். தனியார் வயலில் அதுவும் கிடையாது. அலுவலகப் பெண்களுக்கு 2017 முதல் 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு, நமக்கு ஒருநாள்கூட இல்லை.

நடவுக் காலத்தில் வயலோரம் கீற்றுக்கொட்டகையும் பிள்ளை பார்க்க ஓர் ஆளும் கேட்டு ஊராட்சிக்கு மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்துத் தாள் வாசலருகே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்