மெஷின் கூட வர்ற புக்கை பொட்டியோட தூக்கிப் போடாதீங்க: நீலகிரி தேயிலை குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கம் குழுவா சேந்து மெஷின் வாங்கி இலை அறுக்குற எல்லா அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், அந்த மெஷினை நமக்கு விக்கிற கடைக்காரங்களுக்கும் வணக்கம்ங்க.

நான் குன்னூர் கோத்தகிரி ரோட்டுக்குக் கீழ இருக்குற ஒரு ஊரு. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஆள் கிடைக்காம போனதுக்கப்புறம் நம்ம ஊர்ல எல்லாரும் பண்ண மாதிரி எங்க குழுவும் காசு போட்டு மெஷின் வாங்கினாங்க. இப்போ குழுகிட்ட ரெண்டு மெஷின் இருக்கு, ஒண்ணு பழைய புல்லு வெட்டுற மெஷின், டூ ஸ்ட்ரோக், இன்னொண்ணு புதுசா வந்த இலை அறுக்குற மெஷின், அது ஃபோர் ஸ்ட்ரோக். ரெண்டும் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது தான், தூரத்துல இருந்து பாத்தா இன்ஜின்ல வித்தியாசமே தெரியாது. ஆனா புதுசுக்கு வெறும் பெட்ரோல், ஆயிலைத் தனியா அதுக்குன்னு இருக்குற இடத்துல ஊத்தணும், பழசுக்கு பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து தான் ஊத்தணும்.

போன வருஷம் மழை விட்டு கொழுந்து நல்லா துளிர்த்து நிக்கிற நேரம், காலைல அவசரத்துல யாரோ புதுசோட கேனை எடுத்து பழசுல ஊத்திட்டாங்க. கொஞ்ச நேரம் ஓடுச்சு, எப்பவும் விட வேகமா ஓடுற மாதிரி கூட இருந்துச்சுன்னு அப்பா சொன்னாரு, அப்புறம் சத்தம் மாறி, இழுத்துப் பிடிச்ச மாதிரி நின்னுடுச்சு. கயிறை இழுத்தா அசையவே இல்ல. பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிக்கிச்சு. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு உள்ள தனியா ஆயில் தொட்டி கிடையாதுங்க, பெட்ரோலோட கலந்து போற அந்த சொட்டு ஆயில் தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிரு, அது இல்லன்னா உலோகமும் உலோகமும் ஒரசி சூடாகி முடிஞ்சுது கதை. பிஸ்டனும் சிலிண்டரும் புதுசா வாங்கிப் போட்டு மெஷின் திரும்பி வர பதினோரு நாள் ஆச்சு.

அதுக்கப்புறம் தான் நான் கேட்டேன், இந்த மெஷின் கூட ஒரு புக்கு வந்திருக்குமே அது எங்கன்னு. யாருக்கும் தெரியல. கடைசில பொருளாளர் வீட்டு பீரோவுல பத்திரப் பேப்பருக்கெல்லாம் அடியில இருந்துச்சு, ரெண்டு மெஷினோட புக்கும், பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்காம. பழைய மெஷின் புக்குல முதல் ரெண்டு மூணு பக்கத்துக்குள்ளயே படம் போட்டு, இந்த இன்ஜினுக்கு வெறும் பெட்ரோல் ஊத்தாதேன்னு கொட்டை எழுத்துல இருக்கு. அன்னைக்கு ராத்திரி அடுப்பு பக்கத்துல உக்காந்து நான் இங்கிலீஷ்ல படிச்சு தமிழ்ல சொல்லச் சொல்ல அப்பா கேட்டுக்கிட்டே இருந்தாரு. நடுவுல ஒரு இடத்துல நிறுத்தி, இதை யாரும் எங்களுக்கு சொல்லவே இல்லையேம்மான்னாரு. அந்த வார்த்தை தான் இந்த லெட்டரை எழுத வெச்சது.

அவரு நிறுத்தின இடம் ஆயில் பத்தினது இல்ல, மலை பத்தினது. கார்புரேட்டர், அதாவது காத்தையும் பெட்ரோலையும் கலந்து குடுக்குற பாகம், வெச்ச இன்ஜினுக்கு நிறைய கம்பெனிங்க குடுக்குற புக்குல உயரமான இடத்துல ஓட்டுறதைப் பத்தி ஒரு சின்ன பத்தி இருக்கும், பொதுவா 5000 அடிக்கு மேல, அதாவது 1500 மீட்டருக்கு மேல எப்பவுமே ஓட்டுறதா இருந்தா டீலர்கிட்ட குடுத்து கார்புரேட்டர்ல ஜெட்டை, அதாவது பெட்ரோல் எவ்வளவு போகணும்னு அளவு வெக்கிற சின்ன ஓட்டை இருக்குற துண்டை, மாத்திக்கோன்னு. நம்ம குன்னூரு 6000 அடி, ஊட்டி 7000 அடிக்கும் மேல. அப்படின்னா அந்தப் பத்தி நமக்காகவே எழுதினது, ஆனா படிக்காம விட்டதும் நாம தான்.

விஷயம் இது தான். மேல வர வர காத்து லேசாகுது, ஆனா கார்புரேட்டர் கீழ சமவெளில குடுத்த மாதிரியே பெட்ரோலை விட்டுக்கிட்டே இருக்கும், அதனால காத்து கம்மி பெட்ரோல் ஜாஸ்தி ஆகி கரும்புகை வரும், பிளக்கு கருப்படிச்சுப் போகும், பெட்ரோல் அதிகமா குடிக்கும், இழுவை இருக்காது. எங்க புது மெஷினுக்கு அதே தான் நடந்துச்சு, மூணு தடவை பிளக்கு மாத்தினோம், ஏர் ஃபில்டர் கழுவினோம், மெஷினே சரியில்ல ஏமாத்திட்டாங்கன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கும் போனாங்க. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. ஜெட்டை மாத்தினதும் புகை நின்னுச்சு, பிளக்கு காப்பி கலருக்கு வந்துச்சு.

ஜெட்டை மாத்தினாலும் கீழ இருக்குற பவர் முழுசா வராது, அதையும் புக்கே சொல்லுது, ஒவ்வொரு 1000 அடிக்கும் சுமார் மூணரை சதவீதம் பவர் குறையும்னு. குன்னூருக்கு கணக்கு போட்டா அஞ்சுல ஒரு பங்கு போயிடும். அதனால குழுவுல மெஷின் வாங்கும்போது சமவெளில பாத்துட்டு வந்து இந்த சைஸ் போதும்னு முடிவு பண்ணாதீங்க. இன்னொண்ணு, இங்க ஜெட் மாத்தின மெஷினை அப்படியே காரமடை சிறுமுகைல இருக்குற சொந்தக்காரங்க தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போய் ஓட்டக் கூடாது, அங்க காத்து அடர்த்தி, பெட்ரோல் பத்தாம இன்ஜின் ரொம்ப சூடாகி கெட்டுப் போகும், கீழ கொண்டு போனா பழைய ஜெட்டைத் திருப்பிப் போடணும்னு அதே பத்தில அடுத்த வரில போட்டிருக்கு. பழைய ஜெட்டை ஒரு சின்ன டப்பாவுல போட்டு புக்கோடவே வெச்சிருங்க. 2020க்கு அப்புறம் வந்த பைக்கெல்லாம் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன், அதுவே சென்சார் வெச்சு சரி பண்ணிக்கும், அதுக்கு இந்தத் தொல்லை இல்ல.

ஆயில் கலக்குற அளவுக்கு திரும்ப வர்றேன், இதுல தான் ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. புக்குல 25க்கு 1ன்னு இருந்தா ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில், 50க்கு 1ன்னு இருந்தா 20 மில்லி. ரெண்டுக்கும் நடுவுல இரட்டிப்பு வித்தியாசம் இருக்கு பாருங்க. எல்லாத்துக்கும் 40 ஊத்திட்டா சேஃப் தானேன்னு நினைக்காதீங்க, 50க்கு 1 இன்ஜின்ல அது சைலன்சர் வரைக்கும் கரி கட்டி அடைக்கும், பிளக்கு அழுக்காகும். ஒரே மெஷினுக்கே எந்த ஆயில் போடுறோம்ங்கிறதைப் பொறுத்து அளவு மாறும், அதுவும் புக்குல இருக்கும். எங்க மெக்கானிக் நல்ல மனுஷன், கை சுத்தம், ஆனா அவருகிட்ட ஒரு மாசத்துல எத்தனையோ கம்பெனி மெஷின் வருது, உங்க மாடலோட நம்பரை அவரு மனசுல வெச்சிருப்பாருன்னு எதிர்பாக்கிறது நியாயம் இல்ல. நாங்க இப்போ ரெண்டு கேனுக்கும் வேற வேற கலர் பெயின்ட் அடிச்சு அளவை மேலயே எழுதிட்டோம். கலந்த பெட்ரோலை ஒரு மாசத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாதுன்னும் படிச்சோம், அதனால அஞ்சு லிட்டரா கலக்குறதை விட்டுட்டு அன்னன்னைக்குத் தேவையானதை மட்டும் கலக்குறோம்.

பெட்ரோல்னதும் ஞாபகம் வருது, இப்போ பங்க்ல நமக்கு கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நம்ம கையில இருக்குற பழைய சின்ன இன்ஜின் புக்குல பெரும்பாலும் 10 சதவீதம் வரைக்கும் தான் ஆகும்னு போட்டிருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம்ம ஊரு மூடுபனில வாரக்கணக்கா ஷெட்டுல கிடக்குற மெஷினோட டேங்க்ல என்ன ஆகும்னு யோசிங்க. வேலை முடிஞ்சு நிறுத்தி வைக்கப் போறோம்னா டேங்க்கை காலி பண்ணிட்டு, கார்புரேட்டர்ல இருக்குறது தீந்து தானா நிக்கிற வரைக்கும் ஓட்டிட்டு வைங்க. இது எத்தனாலுக்கு முன்னாடி இருந்தே புக்குல இருக்குற விஷயம், இப்போ இன்னும் ரொம்ப முக்கியமாயிடுச்சு.

வண்டி ஓட்டுற தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இலை ஏத்திக்கிட்டு ஃபேக்டரிக்கு இறங்கும்போது டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விட்டு இறங்குறீங்க, சில பேரு இன்ஜினையே ஆஃப் பண்றீங்க, நான் பக்கத்து சீட்டுல உக்காந்து பாத்திருக்கேன், அன்னைக்கு பேச தைரியம் வரல. உங்க வண்டி புக்கை எடுத்து இறக்கத்துல ஓட்டுறது பத்தின பக்கத்தைப் படிங்க, கியர்ல தான் இறங்கணும், நீளமான இறக்கத்துல சின்ன கியர்ல இறங்கணும்னு இருக்கும். இன்ஜின் நின்னா, லேசா மிதிச்சாலே பிரேக் பிடிக்க உதவுற பூஸ்டருக்கு வேக்வம் கிடைக்காது, ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும், சாவியைத் திருப்பி எடுத்துட்டா ஸ்டீயரிங்கே லாக் ஆகும். இன்ஜின் ஓடி நியூட்ரல்ல இருந்தாலும் மொத்த பாரத்தையும் பிரேக் மட்டும் தான் பிடிக்கணும், அது சூடாகிச் சூடாகி ஒரு கட்டத்துல பிடிக்காது. இன்னொரு விஷயம், இப்போ வர்ற வண்டில கியர்ல இருக்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா டீசல் போறதையே கம்ப்யூட்டர் நிறுத்திடும், நியூட்ரல்ல தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகும். மிச்சம் பிடிக்கிறதா நினைச்சு செலவு தான் பண்றோம், உயிரையும் பணயம் வெச்சு.

இறக்கத்துல இன்ஜின் தான் பிடிக்கணும்ங்கிறது நம்ம மலைக்கு ஒண்ணும் புது விஷயம் இல்லங்க. 1899ல மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு ரயில் வந்தப்போ இருந்து, கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல இருக்குற அந்த பல்சக்கர தண்டவாளத்துல இன்ஜின் எப்பவும் பெட்டிகளுக்குக் கீழ் பக்கமா தான் இருக்கும், ஏறும்போது தள்ளிக்கிட்டு வரும், இறங்கும்போது தாங்கிக்கிட்டுப் போகும்.

பிரேக் ஆயிலையும் பாருங்க. டாட் 3ன்னு வர்ற ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாம தாங்கும், ஈரம் ஏறிப் போச்சுன்னா 140க்கே கொதிக்கலாம், கொதிச்சா குழாய்ல ஆவி, ஆவி வந்தா பெடல் அப்படியே உள்ள போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துன்னு நிறைய புக்குல இருக்கு. எங்க பக்கத்து வீட்டு ஜீப்புல அதை மாத்தி எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேட்டா அவருக்கே தெரியல, அதை வெச்சுக்கிட்டு தான் அவரு பர்லியாறு இறக்கத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறாரு.

புல்லு வெட்டுற மெஷின் புக்குல ஒரு அளவு இருக்கு, அதை மட்டும் படிச்சா போதும்னு கூட சொல்வேன். இரும்பு பிளேடு சுத்தும்போது 15 மீட்டருக்குள்ள வேற யாரும் இருக்கக் கூடாது. 15 மீட்டர்னா நம்ம ஊருக்கு வர்ற பஸ்ஸை விட நீளம். ஆனா நம்ம தோட்டத்துல ஒருத்தர் புல்லு வெட்டிக்கிட்டே இருப்பாரு, நாலு செடி தள்ளி அக்காங்க கொழுந்து கிள்ளிக்கிட்டு இருப்பாங்க. பிளேடு ஒரு கல்லுல பட்டா கல்லு எங்க போகும்னு யாருக்கும் தெரியாது, பிளேடோட முன்பக்கம் வலது ஓரம், கடிகாரத்துல 12க்கும் 2க்கும் நடுவுல இருக்குற இடம், கெட்டியான கட்டைல பட்டா மெஷினே ஓட்டுறவரை தூக்கி ஒரு பக்கமா வீசும். கண்ணாடியும் காதுக்கு மூடியும் போடாம ஓட்டுறவங்களை தினமும் பாக்குறேன், வருத்தமா இருக்கு.

கடைக்காரங்களே, உங்களுக்கு. நீங்க குறை வெக்காம சர்வீஸ் பண்றீங்க, அதை இல்லன்னு சொல்லல. ஆனா மெஷினை வண்டில ஏத்தும்போது வாரண்டி கார்டுல கையெழுத்து வாங்குறீங்க, புக்கைப் பிரிச்சுக் காட்டுறது இல்ல. இங்கிலீஷும் ஹிந்தியும் மட்டும் இருக்குற புக்கை வெச்சுக்கிட்டு எங்க அப்பா மாதிரி ஆளு என்ன பண்ணுவாரு? கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணிக்கோன்னா எங்க ஊர்ல சிக்னலே கிடைக்காது. கம்பெனிகிட்ட தமிழ்ல கேளுங்க, நாங்க வாங்குறோம் இல்லையா, கேக்குற உரிமை நமக்கு இருக்கு. அது வர்ற வரைக்கும் ஒரு அரை மணி நேரம், எண்ணெய் அளவு, ஜெட், முதல் ஆயில் எப்போ மாத்தணும் இது மூணை மட்டுமாவது வாயால சொல்லி அனுப்புங்க. புது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு முதல் ஆயிலை 10, 20 மணி நேரத்துலயே மாத்தச் சொல்லுவாங்க, புதுசுல தேயுற இரும்புத் தூள் அதுல தான் சேரும், அது தெரியாம வருஷக்கணக்கா அதே ஆயில்ல ஓட்டுற குழுக்களை எனக்கே தெரியும்.

குழுக்காரங்களே, புக்கு தலைவர் வீட்டுலயும் மெஷின் ஊர் ஊராவும் சுத்துற இந்தப் பழக்கத்தை மட்டும் மாத்துங்க. புக்கு ஜெராக்ஸ் எடுத்து ஒண்ணு பத்திரமா வைங்க, ஒரிஜினலை பிளாஸ்டிக் கவர்ல போட்டு டூல்ஸ் பையோட கட்டுங்க. நம்ம வீடுகள்ல காலேஜ் படிக்கிற பிள்ளைங்க எத்தனை பேரு இருக்காங்க, மாசக் கூட்டத்துல ஒரு பத்து பக்கம் வாசிச்சு தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. போனைக் காட்டி மொழிபெயர்க்கிறதை மட்டும் நம்பாதீங்க, நானும் பாத்தேன், அளவுல எல்லாம் தப்பு வருது, நம்பரை அசல் பக்கத்துலயே பாத்துக்கோங்க.

எங்க குழுவோட ரெண்டு புக்குலயும் முக்கியமான பக்கங்களை நோட்டுல தமிழ்ல எழுதி முடிச்சுட்டேன், கேத்தி பாலாடால கேரட் கழுவுற மெஷின் வெச்சிருக்குற ஒரு அண்ணன் அவரு புக்கையும் குடுத்திருக்காரு, இப்போ பெல்ட் டென்ஷன் பக்கத்துல இருக்கேன். உங்க மெஷினும் எங்களோடதும் ஒரே மாடலா இருந்தா வந்து நோட்டை வாங்கிட்டுப் போய் எழுதிக்கோங்க, வேற மாடலா இருந்தா உங்க புக்கைக் கொண்டு வாங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வீட்ல தான் இருப்பேன்.