ஒரு படம் வரைந்து கொடு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. நேரில் திட்டிக்கொள், தாடியிடம் மட்டும் போட்டுக் கொடுக்காதே. இங்கே எல்லோரும் நலம். என் முட்டி வலி அப்படியேதான்.

போன வாரம் வகுப்பில் நன்றாக மாட்டிக்கொண்டேன். 18 வருடமாக டெண்ட்ரிடிக் செல் (கிருமியின் துணுக்கைப் பிடித்து மற்ற எதிர்ப்பு செல்களுக்குக் காட்டும் உடம்பின் காவல்காரன்) என்றால் போர்டில் ஒரே படம்தான்: கிளை விரித்த ஒரு செல், பக்கத்தில் நோயோடு சண்டை போடும் வெள்ளணுவான ஒரு டி செல். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "சார், இதில் எந்த வகை?" என்றாள். மணி அடித்துக் காப்பாற்றியது.

ராத்திரி உட்கார்ந்து படித்தால், ஒரு குடும்பமே இருக்கிறது! ஒரு வகை, செத்த செல்லின் துணுக்கை விழுங்கி, நிணநீர் முடிச்சுக்குப் போய்க் கொல்லும் டி செல்லிடம் காட்டுகிறது. வைரஸ் புகுந்த செல்லும் புற்றுநோய்ச் செல்லும் மாட்டுவது இப்படித்தான். இன்னொரு வகை பேசுவது பெரும்பாலும் உதவி டி செல்களோடு. தூசி பட்டதும் வரிசையாகத் தும்முகிறாயே, அதில் இதன் கைவரிசையும் உண்டு. மூன்றாவது, பிளாஸ்மசைட்டாய்டு. வைரஸைக் கண்டதும் அதைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைக் கொட்டும். டெண்ட்ரிடிக் என்ற பெயருக்கு மூலமான டெண்ட்ரான் என்றால் கிரேக்கத்தில் மரமாம். இதுவோ சும்மா இருக்கும்போது வெறும் உருண்டை. இதைக் குடும்பத்தில் சேர்ப்பதா என்றே சண்டை நடக்கிறது. தோலில் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல் கதை இன்னும் மோசம். 1868இல் அதைக் கண்டவர் நரம்பு செல் என்று நினைத்தார். அப்புறம் டெண்ட்ரிடிக் என்றார்கள். இப்போது பிறப்பைப் பார்த்து கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்லின் உறவு என்கிறார்கள்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. ஆபத்துக்கு அறிகுறி இல்லாதபோது இதே செல்கள் நம் உடம்பின் புரதத்தைக் காட்டி, "இது நம்மாள், விடு" என்று டி செல்லை அடக்குகின்றன. சண்டையை மூட்டுவதும் அவைதான், விலக்குவதும் அவைதான். இதை ஒரு நாளும் நான் வகுப்பில் சொன்னதில்லை, மாப்ளே.

ரால்ஃப் ஸ்டைன்மனையும் சொன்னதில்லை. 1973இல் எலியின் மண்ணீரலில் பார்த்து இந்தப் பெயரை வைத்தவர். ரொம்ப நாள் பலர் நம்பவில்லை. 2007இல் அவருக்கே கணையப் புற்றுநோய். தன் டெண்ட்ரிடிக் செல்களைக் கொண்டே செய்த தடுப்பு மருந்துகளைப் போட்டுக்கொண்டார். வேறு சிகிச்சையும் எடுத்ததால் எது நாலு வருடம் தாங்கியது என்று பிரிக்க முடியாது. 2011 செப்டம்பர் 30இல் இறந்தார். அக்டோபர் 3இல் நோபல் அறிவித்தார்கள், இறந்தது தெரியாமலே. படித்துவிட்டு விளக்கை அணைக்காமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் ஓவியம்தான் உனக்குத் தெரியுமே. நாலையும் வரைந்து அனுப்பு. உருண்டைக்குக் கிளை போட்டுவிடாதே.

உன்,
சோடாபுட்டி