ஒரு தேதி சொல்லுங்கள்: எங்கள் ரயில் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயணிகள் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை ஜப்பானிய மொழியில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் வழித்தடத்தை நம்பி டோக்கியோவுக்குள் வேலைக்குப் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய இருக்கின்றன. அவர்களும் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பதற்காகத் தமிழிலும் வெளியிடுகிறேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நடைமேடை விளிம்பில், வண்டி வந்து நின்ற பிறகே திறக்கும் தடுப்புக் கதவுகளைக் கேட்டு இரண்டு முறை அனுப்பிய கோரிக்கைகள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. எந்த நிலையம், எந்த நடைமேடை என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பெரியவரையும் உங்களுக்குத் தெரியும். அக்குபங்சர், மசாஜ் சிகிச்சை செய்பவர். பிறவியிலேயே பார்வை இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே நிலையத்திலிருந்து காலை 7.42 வண்டியைப் பிடித்து வேலைக்குப் போகிறார். முதல் கோரிக்கையை எழுதியவர் அவர்தான். இரண்டாவதை நானும் அவரும் சேர்ந்து எழுதினோம். இது மூன்றாவது. இதை எழுத வைத்தது சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்த சம்பவம்.

அன்று நகரத்துக்குள் போகும் வண்டிகள் எல்லாம் தாமதம். எதிர்த்திசை வண்டிகள் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் நடைமேடைக்கு இரண்டு பக்கமும் தண்டவாளம். படிக்கட்டின் பக்கச்சுவர் வரும் இடத்தில் அது எவ்வளவு குறுகிவிடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சுவருக்கும் விளிம்புக்கும் நடுவில் இரண்டு பேர் தோளோடு தோள் உரசாமல் போக முடியாது. தாமதத்தால் கூட்டம் பெருகி, பார்வையற்றவர்களுக்கு விளிம்பை உணர்த்தும் மஞ்சள் புடைப்பு ஓடுகளின் மேலேயே வரிசை நின்றது. பெரியவர் எனக்கு நான்கைந்து பேர் தள்ளி, எங்கள் வண்டி வர வேண்டிய பக்கத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால், எதிர்ப்பக்கத் தண்டவாளத்தில் வண்டி வந்து நின்றது. இரைச்சல், பிரேக் சத்தம், கதவு திறக்கும் மணியோசை. அந்தக் குறுகிய இடத்தில் சுவரில் பட்டு எதிரொலிக்கும்போது ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண் தெரிந்த எனக்கே சில சமயம் குழம்பும். தன் வண்டிதான் வந்துவிட்டது என்று அவர் நினைத்தார். கோலை முன்னால் நீட்டினார். கூட்டம் மிதித்துக்கொண்டிருந்த ஓடுகளைத் தாண்டிவிட்டது கோல். அதன் முனை எதையும் தொடவில்லை. வண்டிக்கும் மேடைக்கும் இடையிலான சந்து என்று நினைத்து, அதைக் கடப்பதற்காகக் காலை எட்டி வைத்தார்.

நான் "ஆபத்து!" என்று ஜப்பானிய மொழியில் கத்தினேன். நடைமேடையே திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் நிற்கவில்லை. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? "வெண்கோல் வைத்திருப்பவரே, நில்லுங்கள்" என்று சொல்ல வேண்டும் என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். அன்று வாய் உதவவில்லை, கைதான் உதவியது. அவருடைய முதுகுப்பையின் வாரை எட்டிப் பிடித்து இழுத்தேன். தையல் பிரிந்தது, ஆனால் வார் அறவில்லை. இருவரும் பின்னால் விழுந்தோம். நாங்கள் எழுந்து நிற்பதற்குள் எங்கள் பக்கத்துத் தண்டவாளத்தில் விரைவு வண்டி நிற்காமல் கடந்து போனது.

அந்த வண்டி அவருடைய கோலின் மேல் போனது.

பிறகு நடந்ததையும் நீங்கள் கேட்க வேண்டும். டிக்கெட் தடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஊழியர் ஜன்னலில் திரை இழுத்து மூடியிருந்தது. காலை எட்டு மணி வரை ஆள் இல்லை, இன்டர்காமில் பேசுங்கள் என்று ஒரு பலகை. பார்வையற்றவர் அந்தப் பலகையை எப்படிப் படிப்பார் என்று எழுதி வைத்தவர்கள் யோசித்தார்களா? நான் பொத்தானை அழுத்தினேன். எங்கோ இருந்து பேசிய குரல் மிகவும் மரியாதையாகவே கேட்டது: தண்டவாளத்தில் என்ன பொருள் விழுந்தது, என்ன நிறம்? கோல், வெள்ளை நிறம் என்றேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் பேச்சே இல்லை. பக்கத்து நிலையத்திலிருந்து ஊழியர் ஒருவர் நீண்ட இடுக்கியோடு வந்து சேர இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. அந்த இருபத்தைந்து நிமிடமும் பெரியவர் என் முழங்கையைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றார். வண்டி வரும்போதெல்லாம் அவர் விரல்கள் இறுகின. என்னிடம் அவர் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "உங்கள் வேலைக்குத் தாமதமாகிறதே, மன்னியுங்கள்." கோல் மூன்று துண்டாக வந்தது. வந்த இளைஞர் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை ஒற்றை ஆளாக இரண்டு நிலையங்களுக்கு நிறுத்திவைத்த முடிவின் மேல்தான் கோபம்.

ஐயா, எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எங்கள் நடைமேடைக்குத் தடுப்புக் கதவுகள் எப்போது வரும்? ஒரு தேதி சொல்லுங்கள்.

நீங்கள் இதுவரை அனுப்பிய இரண்டு பதில்களும் என் முன்னால் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே விளக்கம்: பயணிகளின் எண்ணிக்கை அதிகமுள்ள நிலையங்களுக்கு முன்னுரிமை, எங்கள் நிலையத்தில் நாளொன்றுக்கு 1 லட்சம் பேர் வருவதில்லை, ஆகவே பரிசீலித்து வருகிறோம். நாடு முழுவதும் 2025 நிதியாண்டுக்குள் 3,000 நடைமேடை விளிம்புகளில் (தண்டவாளத்தை ஒட்டிய ஒவ்வொரு பக்கமும் ஒரு விளிம்பு) கதவுகள், அவற்றில் 800 விளிம்புகள் 1 லட்சம் பயணிகளுக்கு மேல் வரும் நிலையங்களில் என்று அரசு இலக்கு வைத்ததை அறிவேன். பெரிய நிலையங்களில் கூட்டம் அதிகம், ஆபத்தும் அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் மிச்சமுள்ள விளிம்புகளும் அதே இலக்கில்தானே இருக்கின்றன? ஒரு நாளில் எத்தனை பேர் வந்துபோகிறார்கள் என்பதை வைத்து ஒரு விளிம்பு எவ்வளவு ஆபத்தானது என்று அளந்துவிட முடியாது. எங்கள் நடைமேடையின் அகலத்தை அளந்து பார்த்து வரிசைப்படுத்துங்கள், நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

ஜப்பானில் பார்வையற்றவர்கள் ரயில் நடைமேடையைக் கைப்பிடிச் சுவரில்லாத பாலம் என்று சொல்வார்கள். பெரியவர் சொல்லித்தான் இந்தச் சொல் எனக்குத் தெரியும். அதில் மிகை எதுவும் இல்லை என்பதைச் சொல்ல ஆவோயாமா-இத்சோமே நிலையம் போதும். 2016 ஆகஸ்டில் வழிகாட்டி நாயோடு நடந்துபோன ஒருவர் அங்கே தவறி விழுந்து இறந்தார். 2020 நவம்பரில் தோயோச்சோ நிலையத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. கதவுகளைக் கொண்டுவந்து பொருத்தியாகிவிட்டது, இயங்கத் தொடங்கவில்லை. பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் அந்தக் கதவுகளின் ஊடாகவே விழுந்து உயிரிழந்தார். சில மாதம் முன்னதாக இயக்கியிருந்தால் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். கதவு விஷயத்தில் "பரிசீலனை" என்ற சொல்லை நான் பொறுமையோடு படிக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

பணம் இல்லை என்று நீங்கள் எழுதவில்லை, அதற்கு நன்றி. எழுதவும் முடியாது. மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் தடையின்றிப் பயன்படுத்தும் நிலையங்களை அமைப்பதற்காக டோக்கியோ வட்டாரத்தின் பல ரயில் நிறுவனங்கள் 2023 மார்ச் 18 முதல் டிக்கெட்டுக்கு 10 யென் கூடுதலாக வாங்கத் தொடங்கின. அதே மார்ச் 18 அன்றுதான், 1967இல், ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே உலகிலேயே முதன்முதலாக அந்த மஞ்சள் புடைப்பு ஓடுகளைப் பதித்தார்கள் என்று பெரியவர் சொன்னார். அந்த ஓடுகள் இன்று சென்னை வரை வந்துவிட்டன. அந்த 10 யென்னை உங்கள் நிறுவனமும் வாங்குகிறது. நான் மனமுவந்து கொடுக்கிறேன். பெரியவரும் கொடுக்கிறார். தனியாக இவ்வளவு குறைந்த தூரம் போகிறவருக்கு உங்கள் விதிப்படி சலுகை கிடையாது; முழுக் கட்டணம், அதற்கு மேல் 10 யென். தனக்காக என்று வாங்கப்படும் தொகையைத் தானே செலுத்திவிட்டு, கதவில்லாத விளிம்பில் நின்று வண்டிக்குக் காத்திருக்கிறார்.

தொழில்நுட்பச் சிக்கல்களை உங்கள் இரண்டாவது பதில் விரிவாகச் சொன்னது. வேறு நிறுவனங்களின் வண்டிகளும் உங்கள் தண்டவாளத்தில் ஓடுகின்றன, ஒரு வண்டிக்கு ஒரு பக்கம் மூன்று கதவு, இன்னொன்றுக்கு நான்கு, எட்டுப் பெட்டி வண்டியும் உண்டு, பத்துப் பெட்டி வண்டியும் உண்டு, பழைய நடைமேடை கதவுகளின் எடையைத் தாங்காது. எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றில் எதுவும் இந்த நாட்டில் ஏற்கெனவே தீர்க்கப்படாத சிக்கல் இல்லை. பல நிறுவனங்களின் வண்டிகள் ஓடும் அசகுசா வழித்தடத்தில் வண்டிக் கதவுகளின் கண்ணாடியில் கியூஆர் குறியீட்டை ஒட்டினார்கள். எத்தனை பெட்டி, எத்தனை கதவு என்பதை நடைமேடைக் கேமரா அதைப் படித்தே தெரிந்துகொள்கிறது. மச்சிதா நிலையத்தில் வெறும் சட்டகமாக அமைந்த எடை குறைந்த கதவுகளை 2016இலேயே சோதித்தார்கள். தகட்சுகி நிலையத்தில் கதவுக்குப் பதிலாகக் கயிறுகள் மேலே எழும்பி வழிவிடுகின்றன. 2023இல் ஒசாகா நிலையத்தின் புதிய நிலத்தடி நடைமேடையில், வரும் வண்டிக்கு ஏற்றபடி திறப்பின் இடத்தையே மாற்றிக்கொள்ளும் கதவுகள் வந்துவிட்டன. இவற்றில் எது எங்கள் நடைமேடைக்குப் பொருந்தும் என்பது பொறியாளர்கள் முடிவு செய்ய வேண்டியது. எப்போது முடிவு செய்வீர்கள் என்பதைக் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

சென்னையில் மெட்ரோ ரயிலின் நிலத்தடி நிலையங்களில் என் அம்மா கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் நிற்கிறார். அந்த மெட்ரோவுக்குக் கடன் கொடுத்து உதவியது உங்கள் நாடு. அங்கே அவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர் இங்கே வந்தால் எங்கள் நிலையத்துக்குத் தனியாக அனுப்ப மாட்டேன்.

நிலையம் முழுக்கச் சுவரொட்டிகள் இருக்கின்றன. உதவி தேவைப்படுபவரைக் கண்டால் பேச்சுக் கொடுங்கள், கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள், மஞ்சள் ஓடுகளுக்கு உள்ளே நில்லுங்கள். நல்ல அறிவுரைகள், நானும் பின்பற்றுகிறேன். ஆனால் ஊழியர்களைக் குறைத்துக்கொண்டே போய், ஜன்னலுக்குத் திரை போட்டு, அவர்கள் செய்த வேலையைச் சுவரொட்டி மூலம் எங்களிடம் ஒப்படைப்பது என்ன நியாயம்? அன்று காலை நான் வீட்டுச் சாவியைத் தேடி இரண்டு நிமிடம் தாமதித்திருந்தால் அந்த முதுகுப்பையைப் பிடிக்க ஆள் இருந்திருக்காது. ஒரு மனிதரின் உயிர் என் வீட்டுச் சாவியை நம்பியா இருக்க வேண்டும்? வண்டி ஐந்து நிமிடம் தாமதமானாலே தாமதச் சான்றிதழ் தருகிறீர்கள், அலுவலகத்தில் காட்டிக்கொள்ளலாம். கதவு எத்தனை ஆண்டு தாமதம் என்பதற்கு எந்தச் சான்றிதழைக் கேட்பது?

குரல் உயர்ந்துவிட்டது, மன்னிக்க வேண்டும். உங்கள் ஊழியர்களின் உழைப்பை ஏழு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். புயலடித்த மறுநாள் விடியலில் தண்டவாளத்தில் நடந்துபோய்ச் சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் உள்ள மரியாதையால்தான் மூன்றாவது முறையாகவும் எழுதுகிறேன். பணிவோடு கேட்கிறேன்: கதவுகள் வரும் ஆண்டையும் மாதத்தையும் சொல்லுங்கள். அதுவரை காலை ஏழு முதல் ஒன்பது வரை அந்தக் குறுகிய பகுதியில் ஓர் ஊழியரை நிறுத்துங்கள், ஜன்னலின் திரையை விலக்குங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரியவர் முதல் கோரிக்கையைப் பிரெயிலில் எழுதி, அச்சிட்ட படியையும் இணைத்து அனுப்பினார். உங்கள் பதில் அச்செழுத்தில் மட்டும் வந்தது. அவர் உறையைப் பிரித்து, தாளை இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மாடியேறி என் கதவைத் தட்டினார். "பரிசீலித்து வருகிறோம்" என்பதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது பதிலையும் அப்படியே படித்தேன். இந்த முறை அவருக்குப் பிரெயிலில் அனுப்புங்கள். நீண்ட கடிதம் தேவையில்லை. ஒரு தேதி மட்டும், ஒரே வரி போதும்.

இப்படிக்கு,
உங்கள் வழித்தடத்தில் மாதப் பாஸ் வைத்திருக்கும் ஒரு பயணி,
டோக்கியோ