கடலை என்று மட்டும் சொல்லாதே

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள வித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மீனுவின் பிறந்தநாளுக்கு வரப்போகும் பன்னிரண்டு குழந்தைகளில் ஒரு பையனுக்கு வேர்க்கடலையும் ஒரு பெண்ணுக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது என்றும், அவர்கள் இருவருக்கும் மட்டும் தனி டப்பாவில் ஏதாவது வாங்கி வைத்துவிடலாமா என்றும் நேற்று தொலைபேசியில் கேட்டாய். அவசரத்தில் ‘சரி’ என்று சொல்லிவிட்டேன். இரவு படுத்தபின் அது சரியில்லை என்று பட்டதால் எழுதுகிறேன்.

1994இல் உன் ஐந்தாவது பிறந்தநாளை இதே வீட்டில்தான் கொண்டாடினோம். மேல்மாடியில் குடியிருந்த மராத்திக் குடும்பத்துப் பையனும் வந்திருந்தான். அவனுக்கு ஷேங்தாணா, அதாவது வேர்க்கடலை, ஆகாது என்று அவன் அம்மா காலையிலேயே படிக்கட்டில் நிறுத்திச் சொல்லியிருந்தாள். நான் தட்டையில் பதிந்திருந்த நான்கு வேர்க்கடலைகளை நகத்தால் நோண்டி எடுத்துவிட்டு, அதே தட்டையை அவன் கையில் கொடுத்தேன். பத்து நிமிடத்துக்குள் உதடு வீங்கியது. கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழுந்தது. குரல் கரகரத்து இருமத் தொடங்கினான். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் ஓடினார். தொடையில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

மறு வருடமும் அவன் வந்தான், மடியில் ஓர் எவர்சில்வர் டப்பாவோடு. நீ கேக் வெட்டியபோது எல்லாக் குழந்தைகளும் மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நிற்க, அவன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி டப்பா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். தனி டப்பா வேண்டாம் என்று இப்போது நான் சொல்வது அதனால்தான். பன்னிரண்டு பேருக்கும் ஒரே பந்தி, அந்த இருவராலும் சாப்பிடக்கூடிய பந்தி என்று வைத்துக்கொண்டால், சமைப்பதும் உனக்குச் சுலபமாகிவிடும்.

முதலில், பெங்களூரில் உன் வீட்டில் சமைக்க வரும் அம்மாவிடம் ‘கடலை போடாதீர்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதே. நம் தமிழிலேயே கடலைப்பருப்பு, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை எல்லாமே கடலைதான். கன்னடத்திலோ கடலே பேளே என்றால் கடலைப்பருப்பு, கடலே பீஜ என்றால் வேர்க்கடலை. உங்கள் ஊர் பசவனகுடியில் கார்த்திகை மாதம் பரிஷெ என்ற கடலைத் திருவிழா நடக்கும்போது மலைமலையாகக் குவித்து விற்பார்களே, அந்தக் கடலேகாய் என்று சொன்னால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. சித்ரான்னத்தில் அது கண்ணுக்குத் தெரியும். சட்னியில் அரைத்துவிட்டால் தெரியாது. மரச்செக்குக் கடலெண்ணெயையும் அன்று தொடவேண்டாம். அதில் கடலையின் புரதம் தங்கியிருக்கும், ஒவ்வாமையைக் கிளப்புவது அந்தப் புரதம்தான். வறுத்தாலும் பொரித்தாலும் அது போய்விடாது. தட்டை பொரித்த எண்ணெயிலேயே முறுக்கும் பொரிப்பார்கள் என்பதால் கடை முறுக்கும் வேண்டாம். முந்திரி, பாதாம், பிஸ்தா வேறு இனம் என்றாலும், அவையும் அந்தப் பையனுக்கு ஆகாதா என்று அவன் அம்மாவிடமே கேட்டுவிடு.

பாலின் கதை வேறு. ‘எக்லெஸ்’ கேக் வாங்கினால் போதும் என்று நீ நினைத்திருப்பாய். முட்டைக்குப் பதிலாக அதில் பெரும்பாலும் கண்டென்ஸ்டு மில்க்கோ தயிரோதான் சேர்ப்பார்கள். உறையில் இருக்கும் பச்சைப் புள்ளி சைவம் என்பதற்கு மட்டுமே அடையாளம். பால் இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. நெய்யிலும் பால் புரதம் சிறிதளவு மிஞ்சியிருக்கும். லாக்டோஸ் நீக்கிய பாலை வாங்கி வந்துவிடாதே. அது வயிற்றில் செரிமானக் கோளாறு உள்ளவர்களுக்கானது, ஒவ்வாமைக்காரர்களுக்கு அதுவும் பால்தான்.

பொட்டல உணவில் பால், முட்டை, மீன், வேர்க்கடலை, கொட்டைகள், சோயா, கோதுமை போன்றவை இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எள் அந்தப் பட்டியலில் இல்லை. நம் வீடுகளில் எள்ளுருண்டைக்கும் மிளகாய்ப்பொடிக்கும் இருக்கும் இடத்தைப் பார்த்தால் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஸ்வீட் கடையில் நிறுத்துத் தரும் இனிப்புக்கோ படித்துப் பார்க்க உறையே இருக்காது. எது வாங்கினாலும் உறைகளைக் கிழித்து எறியாமல் மாலை வரை எடுத்து வை. பெற்றோர் கேட்டால் நீட்டிவிடலாம்.

கேக்கை வீட்டிலேயே செய்துவிடு. ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, கால் கப் கோகோ, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு ஆகியவற்றைச் சலித்து, மூன்றில் ஒரு பங்குக் கப் சூரியகாந்தி எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், ஒரு கப் தண்ணீர் ஊற்றிக் கலந்து உடனே அடுப்பில் வை. சோடாவும் வினிகரும் சேர்ந்து நுரைப்பதால் முட்டையும் பாலும் இல்லாமலேயே எழும்பிவிடும். கோகோ டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கு. கூடவே மினி இட்லியும், வெல்லம் போட்ட அரிசித் தேங்காய்ப்பால் பாயசமும் போதும்; முந்திரிக்குப் பதில் தேங்காய்ப் பல்லைத் தேங்காய் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துப் போடு. தேங்காய் இருவருக்கும் ஆகுமா என்பதையும் முன்னாலேயே கேட்டுக்கொள். இவ்வளவு செய்தும் அந்தத் தாய்மார்கள் கையில் டிபன் கொண்டுவந்தால் முகம் சுளிக்காதே. அவர்கள் பயம் அவர்களுக்குத்தான் தெரியும்.

சாப்பிடும் முன் எல்லாக் குழந்தைகளையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல். சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிர, விரலில் ஒட்டிய கடலைப் புரதத்தை அகற்றாது. பள்ளிக்குச் சாக்லேட் வேண்டாம், பென்சில் கொடுத்தனுப்பு.

அந்தப் பையனுக்கு மருந்து என்ன, எந்தப் பையில் இருக்கிறது, யார் போடுவார்கள் என்று முதலிலேயே கேட்டு வை. மூச்சு இரைந்தாலோ, குரல் மாறினாலோ, துவண்டாலோ அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. அரிப்புக்குக் கொடுக்கும் சிரப்பை ஊற்றிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நடக்கவிடாமல் படுக்கவைத்து, மூச்சுத் திணறினால் உட்காரவைத்து, 108ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு.

வெள்ளிக்கிழமை காலை உத்யான் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். எப்போதும் மீனுவுக்காக வாங்கிவரும் லோனாவாலா சிக்கி, அந்தக் கடலை மிட்டாய், இந்த முறை கிடையாது. புதிதாக ஒரு வாணலியும் இரண்டு கரண்டியும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை நான் வந்து சேரும்வரை பாயசத்துக்கு வெல்லம் மட்டும் வாங்கி வை.

அன்புடன்,
அம்மா