வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் எத்தனை கிலோ குறைந்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உடல் பருமனுக்குப் பாரம்பரிய மூலிகை மருந்தைச் சோதித்துப் பார்த்தது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மூன்று மாதம் மருந்து சாப்பிட்டவர்களுக்கு எடை குறைந்தது, பக்கவிளைவு எதுவும் இல்லை, ஆகவே மருந்து நிரூபணமாகிவிட்டது என்று முடித்திருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட இன்னொரு குழு இருந்ததா, இருந்தால் அவர்கள் எத்தனை கிலோ குறைந்தார்கள் என்று கட்டுரையின் மேலும் கீழும் தேடிப் பார்த்தேன், ஒரு வரி இல்லை.

நானும் பருமனான ஆள்தான், வருடக்கணக்கில் எடையோடு மல்லுக்கட்டுபவன், அதனால் இதை வெறும் புள்ளிவிவரச் சண்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்படி ஒரு ஆய்வில் பெயர் கொடுத்த அன்றைக்கே நம் நடத்தை மாறிவிடும். குறிப்பிட்ட நாளில் எடை மெஷினில் ஏறி நிற்க வேண்டும், என்ன சாப்பிட்டாய் என்று ஒருவர் கேட்டு எழுதிக்கொள்வார், அந்த வெட்கத்திலேயே இரண்டாவது தடவை பரிமாற நீளும் கை திரும்பிவிடும். போதாததற்கு, எடை உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் ஆய்வில் சேர்வார்கள், அதிலிருந்து கொஞ்சம் தானாகவே இறங்குவதும் உண்டு. இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மருந்தின் வேலை.

குடம்புளி கதை தெரியுமல்லவா. அதன் தோலில் இருக்கும் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் உடலில் கொழுப்பு உண்டாக்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது, எலிகளிடம் நன்றாகவே வேலை செய்தது. 1998இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்துச் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைந்த கலோரி, நார்ச்சத்து உணவு, பாதிப் பேருக்குக் குடம்புளிச் சாறு, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 12 வாரம் கழித்துக் குடம்புளி சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள், வெற்று மாத்திரைக் குழு 4.1 கிலோ! அந்த வித்தியாசத்துக்குப் புள்ளியியல்படி அர்த்தம் இல்லை என்பது சரி, ஆனால் அந்த இரண்டாவது குழு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் "குடம்புளியால் மூன்று கிலோ குறைந்தது" என்றுதான் உலகம் முழுக்கத் தலைப்பு வந்திருக்கும், நீங்களும் போட்டிருப்பீர்கள்.

"எங்கள் வைத்தியம் ஆளுக்கு ஆள் மாறுவது, எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுத்துச் சோதிக்கும் உங்கள் முறைக்குள் அது அடங்காது" என்று சொல்பவர்கள் உண்டு. நியாயமான பேச்சுதான், ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. அந்தக் குடம்புளி ஆய்வு வந்த அதே மருத்துவ இதழில், அதே தேதியில், ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு ஆய்வும் வந்தது. எரிச்சல் குடல் நோய் (அடிக்கடி வயிற்று வலி, மலம் கழிப்பதில் கோளாறு) உள்ள 116 பேருக்குச் சீன மூலிகை கொடுத்தார்கள், அதில் ஒரு குழுவுக்கு வைத்தியர் நாடி பார்த்து அவரவருக்கென்று எழுதிக் கொடுத்த மருந்து, ஒரு குழுவுக்கு எல்லோருக்கும் பொதுவான கலவை, ஒரு குழுவுக்கு வெற்று மருந்து. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. இரண்டு மூலிகைக் குழுவுக்கும் குணம் தெரிந்தது, மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்துப் பார்த்தபோது தனித்தனியாக எழுதிக் கொடுத்த குழுவுக்குத்தான் அது நீடித்தது. ஆக, வைத்தியரின் கைப்பக்குவத்தைக்கூடச் சோதிக்க முடியும், சோதித்தவர்களுக்கு அது சாதகமாகவும் வந்திருக்கிறது. பருமனுக்கு ஏன் இப்படிச் செய்யக் கூடாது?

எதை அளப்பது என்பதும் முக்கியம். மெலிவதற்கென்று விற்கும் மூலிகைத் தேநீர் பலவற்றில் நிலாவாரை இருக்கும். வயிறு கழியும், நீர் போகும், இரண்டு நாளில் மெஷினில் முள் இறங்கும், கொழுப்பு அப்படியே இருக்கும். இடுப்புச் சுற்றளவு, உடல் கொழுப்பு, மருந்தை நிறுத்திய பிறகு எடை என்ன ஆனது, இதெல்லாம் இல்லாமல் கிலோவை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு. புதிய எடைக் குறைப்பு மருந்துக்கு அனுமதி கேட்டால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறைந்தது ஓராண்டுச் சோதனை கேட்கிறார்கள். மூலிகைக்கு மட்டும் மூன்று மாதம் போதும் என்பது சலுகையா அவமதிப்பா என்று எனக்குப் புரியவில்லை.

அப்புறம் அந்தப் "பக்கவிளைவு இல்லை". உதாரணத்துக்கு, 60 பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்வோம், 20 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய கோளாறு அதில் இல்லை என்றுகூட அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய ஒரு கிளினிக்குக்குப் போன பெண்கள் வரிசையாகச் சிறுநீரகம் கெட்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்கள் சாப்பிட்ட மாத்திரையில் இருக்க வேண்டிய ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் வேர் கலந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல், பலருக்கு டயாலிசிஸ், சிறுநீரக மாற்று, வருடங்கள் கழித்துச் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். மருந்தை நிறுத்திய பிறகும் கெடுதல் நிற்கவில்லை.

"ஆயிரம் வருடமாகச் சாப்பிடுகிறார்களே" என்பார்கள். எதற்காக, எவ்வளவு நாள் சாப்பிட்டார்கள்? எபெட்ரா செடியைச் சீன வைத்தியத்தில் சளிக்கும் மூச்சிரைப்புக்கும் கொடுத்து வந்தார்கள். அதையே காஃபினோடு சேர்த்து மெலிவதற்குத் தினமும் விழுங்க ஆரம்பித்ததும் மாரடைப்பு, பக்கவாதம் என்று புகார்கள் குவிந்து, 2004இல் அமெரிக்கா எபெட்ரா கலந்த சப்ளிமென்ட்களைத் தடை செய்தது. செடி பழையதுதான், அதைச் சாப்பிட்ட விதம் புதிது.

இன்னொன்று, மூலிகை என்று எழுதியிருக்கும் கேப்ஸ்யூலுக்குள் மூலிகைதான் இருக்கிறதா? இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் திரும்பப் பெறப்பட்ட சிபுட்ரமின் என்ற ரசாயன எடைக் குறைப்பு மருந்து, அதற்குப் பிறகும் "இயற்கையானது" என்று விற்ற எடைக் குறைப்பு மாத்திரைகளில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படிப்பட்ட மாத்திரையைச் சோதித்தால் பலன் பிரமாதமாகத்தான் தெரியும். எனவே ஆய்வில் கொடுத்த மருந்தை ஆய்வகத்தில் பரிசோதித்த அறிக்கையும் கூடவே வர வேண்டும்.

சோதிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இன்னும் நிறையச் சோதிக்கச் சொல்கிறேன். மேத ரோகத்துக்கு, அதாவது உடல் பருமனுக்கு, பழைய ஆயுர்வேத ஆசிரியர் சுஸ்ருதர் சொன்ன குக்குலு என்ற மரப்பிசினை 1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி முயல்களிடம் சோதித்தார், அதிலிருந்து கொழுப்பைக் குறைக்கும் மருந்து ஒன்றே வந்தது. பிறகு 2003இல் அமெரிக்காவில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது கெட்ட கொலஸ்ட்ரால் குறையவில்லை, கொஞ்சம் ஏறவே செய்தது. வருத்தமான முடிவுதான், ஆனாலும் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. 2020இல் சிட்னி பல்கலைக்கழகத்தினர் எடைக் குறைப்பு மூலிகைகள் பற்றிய 54 ஆய்வுகளை, மொத்தம் 4,331 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பல ஆய்வுகளில் சோதிக்கப்பட்ட தனி மூலிகைகளில் வெள்ளைப் பீன்ஸ் சாறு ஒன்றுதான் வெற்று மாத்திரையை விடத் தெளிவாக அதிகம் குறைத்தது, அதுவும் ஒன்றரைக் கிலோ சொச்சம், உடல்நலத்துக்குப் பிரயோஜனப்படும் அளவே இல்லை என்று அவர்களே எழுதிவிட்டார்கள். பல ஆய்வுகள் சின்னவை, செய்த விதமும் சுமார் என்றும் குறை சொல்லியிருந்தார்கள்.

உங்கள் நிருபரிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதிய அந்த மூலிகை ஆய்வைத் தொடங்கும் முன்பே பொதுவான ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்தார்களா, செலவை ஏற்றது மருந்தை விற்கும் கம்பெனியா, பாதியில் நின்றுபோனவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஓராண்டு கழித்து அதே ஆட்களை மறுபடி எடை பார்க்கப் போகிறார்கள் என்றால் அந்த முடிவையும், அது எப்படி இருந்தாலும், இதே அளவு இடம் கொடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்